மூலைக் கட்டம்

சேமித்த படத்தில் ஒரு வட்டம் கூடுதலாக இருந்தது.

அவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து இதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் என்னென்னவோ மிதக்கத்தான் செய்யும். முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். செஸ் பலகையின் கீழ் இடது மூலைக் கட்டத்தில், மெல்லியதாக, ஒரு சிவப்பு வட்டம். மென்பொருளில் திறந்திருந்த பலகையில் அது இல்லை. அங்கே இருந்தவை அவள் போட்ட இரண்டு பச்சை அம்புகள் மட்டும்தான். படமாகச் சேமித்தால்தான் வட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. படத்தை அழித்துவிட்டு இன்னொரு முறை சேமித்தாள். வட்டம் மறுபடியும் வந்தது.

வெளியே மழை காலையிலிருந்து ஓயவில்லை. சாயங்காலம்தான் ஆகியிருந்தது, அதற்குள் கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. உள்ளறையில் குழந்தை காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கடைத்துப்போய் அவள் மூச்சு விடும் சத்தம் மழைக்கு நடுவிலும் கேட்டது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையாகப் பக்கத்து ஊருக்குப் போன கணவன் இன்னும் வரவில்லை. வீட்டில் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் கிடையாது. இந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரும் விளையாட்டுக் காட்டுகிறதே என்று எரிச்சல்பட்டுக்கொண்டு, அந்த வட்டத்தோடேயே படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தாள்.

புத்தகம் அவளுடையதல்ல. செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. புத்தகம் அவள் நாத்தனாருடையது, கணவனின் அக்காவுடையது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு செஸ் பலகையோடேயே வாழ்ந்து, ஆட்டத்தின் கடைசிக் கட்டங்களைப் பற்றி எழுதித் தள்ளிவிட்டு, புத்தகம் அச்சாவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சத்தை இவள் தலையில் கட்டினார்கள். நாத்தனார் சேமித்து வைத்திருந்த பழைய படங்கள் சின்ன அளவில் இருந்தன. பதிப்பகத்தில் பக்கம் வடிவமைக்கிறவர் போனில் சொன்னது இதுதான்:

"மேடம், பழைய படமெல்லாம் அச்சுல மங்கலா வருது. ஒவ்வொண்ணா திறந்து, அம்பு வட்டமெல்லாம் பழையபடியே போட்டு, பெருசா சேவ் பண்ணி அனுப்பிடுங்க. ஓரத்துல இருக்கற எழுத்தையும் நம்பரையும் எடுத்துடுங்க. அதை நாங்க இங்க போட்டுக்கறோம்."

சொல்வதற்குச் சுலபம். அந்த மென்பொருளில் ஒரு தொல்லை உண்டு. மவுஸின் வலது பொத்தானை அழுத்தி இழுத்தால் அம்பு விழும், ஒரே கட்டத்தில் அழுத்திவிட்டால் வட்டம் விழும். ஆனால் கை தவறி வெற்றுக் கட்டத்தில் ஒரு கிளிக் பட்டுவிட்டால் போதும், போட்டது அத்தனையும் துடைத்துவிட்ட மாதிரி போய்விடும். அதனால்தான் கையோடு படமாகச் சேமிக்க வேண்டியிருக்கிறது. படமாகிவிட்டதென்றால் பிறகு எத்தனை கிளிக் செய்தாலும் அழியாது.

இந்த வேலைக்கு அவளுக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில், செஸ் கடிகாரம் இரவல் கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. படுக்கையில் கிடந்த கடைசி வருஷம் முழுவதும் மலம் மூத்திரம் எடுத்தவள் பெயர் இல்லை. நாத்தனார் அந்தப் பக்கத்தை நோய் வருவதற்கு முன்பே எழுதிவிட்டாராம். அப்புறம் சேர்த்திருக்கலாமே என்று கேட்டால், கை வராதே பாவம் என்பார்கள். வேறு எதற்கெல்லாமோ கை வந்தது.

மதியம் ஏழாம் அத்தியாயத்தைத் தொடங்கியிருந்தாள். அது முழுக்கக் கறுப்புக் காய் வைத்து ஆடுகிறவர்களுக்கானது. நாத்தனார் எப்போதும் கறுப்பைத்தான் கேட்டு வாங்கி ஆடுவார். பழைய படங்களில் பலகை இருந்தபடியே இருக்கட்டும் என்று அத்தியாயத்தைத் திறந்தவுடன் பொத்தானை அழுத்திப் பலகையைத் திருப்பிப் போட்டாள். ஓரத்து எழுத்தையும் எண்ணையும் நீக்கினாள். பிறகு அதையெல்லாம் மறந்துவிட்டு வேலையில் மூழ்கிவிட்டாள். கடைசிக் கட்டப் பலகைகளில் காய்கள் அதிகம் இருக்காது. ஆளுக்கு ஒரு ராஜா, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிப்பாய்கள். ஆட்டம் தெரியாதவளுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான்.

இரண்டாவது படத்தைச் சேமித்துத் திறந்தாள்.

வட்டம் அதே மூலையில்தான் இருந்தது. அதிலிருந்து சிவப்பாக ஒரு அம்பு கிளம்பி, பலகைக்குக் குறுக்கே, நடுப்பகுதி வரைக்கும் வந்து நின்றிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அந்த மூலை அவளுக்குத் தெரிந்த மூலை.

பக்கவாதம் வந்து நாத்தனாரின் பேச்சு போனபோது, இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் மிஞ்சின. கணவன்தான் யோசனை செய்தான். வயரில்லாத ஒரு மவுஸை வாங்கி அக்காவின் கைக்கடியில் வைத்தான். அறைக் கதவைத் திறந்து வைத்தால் கட்டிலிலிருந்து கூடத்துக் கம்ப்யூட்டர் திரை நன்றாகத் தெரியும். செஸ் பலகையையே வீட்டின் வரைபடமாக வைத்துக்கொண்டார்கள். கீழ் இடது மூலை நாத்தனாரின் அறை. கீழ் வலது மூலை சமையலறை. மேல் இடது மூலை கணவன் மனைவி படுக்கும் அறை. மேல் வலது மூலை, நாத்தனாருக்கு நேர் எதிர் மூலை, குழந்தையின் அறை. நடுவில் கூடம். கட்டத்தில் வட்டம் போட்டால் அங்கிருந்து ஏதோ வேண்டும் என்று பொருள். அம்பு போட்டால், அம்பு கிளம்பும் இடத்தில் இருப்பதை அது முடியும் இடத்துக்குக் கொண்டு வா என்று பொருள். பச்சை வட்டம் என்றால் போதும், மனம் நிறைந்தது. "எங்கக்கா இப்ப ஏ-ஒன்னுல குடியிருக்கா" என்று கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். பலகையின் ஓரத்து எழுத்தையும் எண்ணையும் சேர்த்தால் வரும் மூலைக் கட்டத்தின் பெயர் அது; குழந்தையின் மூலை ஹெச்-எட்டு. இவளுக்குச் சிரிப்பு வந்ததில்லை.

சுவர்க் கடிகாரம் தலைக்கு மேலே அடித்துக்கொண்டிருந்தது. அவள் கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். வயரில்லாத மவுஸுக்கான சின்னக் குமிழ் இன்னும் அங்கேயே செருகியிருந்தது. யாரும் பிடுங்கவில்லை. ஓ, இதுதானா சங்கதி என்று மூச்சு விட்டாள். அந்த அறையில் மவுஸ் எங்கேயோ சாய்ந்து கிடந்து பொத்தான் அழுந்திக்கொண்டிருக்கிறது. குமிழைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கணவன் கூப்பிட்டான்.

"தண்ணி ரோட்டுக்கு மேல ஓடுது. பஸ் எதுவும் கிளம்பல. காலையிலதான் வருவேன். பாப்பா எப்படி இருக்கா?"

"மாத்திரை குடுத்தேன். தூங்கறா." மேசையில் கிடந்த குமிழைப் பார்த்தாள். "ஏங்க, அண்ணியோட மவுஸ் எங்க இருக்கு?"

"அக்கா ரூம்லதான். தலகாணி பக்கத்துல. எதுக்கு?"

"அது எங்கயோ அழுந்திக்கிட்டு இருக்குன்னு நினைக்கிறேன். இங்க கோடு கோடா விழுது."

"அதுலதான் பேட்டரியே இல்லையே. நீதானே எடுத்துக் கடியாரத்துக்குப் போட்ட."

அவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வாடை அதற்கப்புறம்தான் வந்தது. முதலில் மழையின் ஈர வாடை என்றுதான் இருந்தது, பிறகு அதற்கடியில் வேறொன்று எழுந்தது; மூட்டுக்குத் தேய்க்கும் தைலமும், முதுகுப் புண்ணுக்குப் போடும் பவுடரும், மாற்றாமல் விட்ட விரிப்பும் சேர்ந்த அந்த வாடை. எத்தனை முறை தரையைக் கழுவி, எத்தனை முறை ஜன்னலைத் திறந்து வைத்து அவள் விரட்டிய வாடை அது. நாத்தனாரின் அறை பூட்டிக் கிடந்தது. சாவி ஆணியில் தொங்கியது. பூட்டிய கதவுக்கு அடியிலிருந்துதான் வருகிறதா, கூடம் முழுக்கவே இருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கூடவே ஒரு சத்தமும் கேட்டது. கடிகாரச் சத்தம் இல்லை. அதைவிட மெல்லியது. பொத்தானை அழுத்தி, கொஞ்ச நேரம் பிடித்து, விடுகிற சத்தம். டிக். பிறகு டக். மழைச் சத்தத்தில் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை.

அந்தச் சத்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலமானால் கேட்கும். குழந்தையின் மூலையிலிருந்து நாத்தனாரின் மூலைக்கு, பலகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, ஒரு நீளமான சிவப்பு அம்பு. அவளை இங்கே கொண்டு வா. தினமும் அதே அம்பு. இவளும் தினமும் அந்தத் திரைக்கு முன்னால் போய் நிற்பாள், ஒன்றும் புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள், வெற்றுக் கட்டத்தில் ஒரு கிளிக் செய்வாள். அம்பு போய்விடும். கட்டிலிலிருந்து அந்த இரண்டு கண்களும் இவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும். திட்டியதில்லை. கை ஓங்கியதில்லை. வேளை தவறாமல் கஞ்சி கொடுத்தாள். ஒரு கிளிக், அவ்வளவுதான்.

"குழந்தை பயந்துக்குவா" என்று கணவனிடம் சொன்னாள். அவனும் நம்பினான்.

குழந்தை பயப்படமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் ஆத்திரமே. பிரசவ விடுமுறை முடிந்து இவள் மருந்துக்கடை வேலைக்குத் திரும்பியபோது, "நீ நிம்மதியா போயிட்டு வா, இவளுக்கு நான் இருக்கேன்" என்று நாத்தனார் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டவர் திருப்பித் தரவே இல்லை. குழந்தை முதன்முதலில் அம்மா என்று கூப்பிட்டது நாத்தனாரைப் பார்த்துத்தான். ஒருநாள் காய்ச்சலில் நெற்றியில் ஈரத்துணி போடப் போன பெற்றவளின் கையைத் தள்ளிவிட்டு, "நீ வேணாம், அத்தைதான் வேணும்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவளுக்கு வயிறு எரிந்தது. நாத்தனார் விழுந்தபோது, வெளியே சொல்ல முடியாது, ஒரு சின்ன நிம்மதி வந்தது. கடைசியில், பத்தடி தள்ளி விளையாடிக்கொண்டிருந்த குழந்தையின் முகத்தைப் பார்க்காமலேயே அவர் கண்ணை மூடினார்.

அவள் மூன்றாவது படத்தைச் சேமிக்கவில்லை. சேமிக்க வேண்டாம் என்று கையை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். படம் தானாகவே விழுந்தது.

அம்பு இப்போது முழுதாக இருந்தது. கீழ் இடது மூலையிலிருந்து கிளம்பி, நடுவைத் தாண்டி, மேல் வலது மூலையில் கூர்முனையைக் குத்தி நின்றது. நாத்தனாரின் அறையிலிருந்து, கூடத்தின் வழியாக, குழந்தையின் அறைக்கு.

"அத்தை" என்றது உள்ளேயிருந்து குழந்தையின் குரல்.

ஓடினாள். எதன்மீதோ கால் இடித்தது, என்னவென்று பார்க்கவில்லை. குழந்தை படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் கொதித்தது. கண் பாதி மூடியிருந்தது.

"அத்தை கூப்பிடறாங்கம்மா."

"யாரும் கூப்பிடல. கனவு. படு."

"டிக் டிக்குன்னு கூப்பிடறாங்க."

அறையின் மூலைகள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அலமாரி. நாற்காலி. நாற்காலியில் தொங்கிய சட்டை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருட்டு, அந்த இருட்டு கொஞ்சம் உயரமாக இருந்தது. நாத்தனாரும் உயரம். இங்கே வந்தாகிவிட்டது, அம்பின் முனை இங்கேதான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அதை மனத்திலிருந்து எடுக்க முடியவில்லை. குழந்தையைப் போர்வையோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

எங்கே போவது? வாசல் படியில் தண்ணீர் ஏறியிருந்தது. நெருப்பாகக் கொதிக்கும் குழந்தையை மழையில் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? தன் படுக்கையறைக்கும் இந்த அறைக்கும் நடுவே திரைச்சீலை மட்டும்தான். சமையலறைக்குக் கதவே கிடையாது. பூட்டுள்ள அறை வீட்டில் ஒன்றுதான். நின்று யோசித்தாள். அவர் அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டார். அம்பு கிளம்பிய இடம் இப்போது காலி. காலியான கட்டத்தில் யார் வந்து பிடிக்கப்போகிறார்கள்? செஸ் தெரியாதவளுக்கு அந்த நேரத்தில் செஸ் ஆடுகிறவளின் புத்தி வந்தது. அது தன் புத்திதானா என்று அவள் கேட்டுப் பார்க்கவில்லை.

ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே அந்த வாடை துளியும் இல்லை. சுத்தமாக, குளிர்ச்சியாக, இவள் கழுவி வைத்தபடியே இருந்தது. அதில் கொஞ்சம் தைரியம் வந்தது. கட்டிலில் குழந்தையைப் படுக்க வைத்துப் போர்த்தினாள். தலையணைக்குப் பக்கத்தில் மவுஸ் கிடந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பேட்டரிக் குழி காலியாக இருந்தது. தூக்கி மேசையில் வைத்தாள்.

"அம்மா, தண்ணி."

"இதோ கொண்டாறேன். கண்ண மூடிக்க. ஒரு நிமிஷம்."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். எதுவும் உள்ளே போய்விடக் கூடாது என்று பூட்டினாள். சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, சொம்பை எடுக்கக் கூடத்தைக் கடந்தபோது, மேசைமேல் போன் சிணுங்கியது. பதிப்பகத்து வடிவமைப்பாளர் செய்தி அனுப்பியிருந்தார்.

"மேடம், ஒரு தப்பாயிடுச்சு. ஏழாம் அத்தியாயத்துக்கு மட்டும் ஓரத்து எழுத்தை எடுக்காதீங்க. அதெல்லாம் கறுப்பு ஆடறவங்க பக்கத்துலேருந்து பாக்கற படம். பலகை தலைகீழா இருக்கும். ரெண்டு மூலையும் ஒரே நிறம்கறதால எழுத்து இல்லைன்னா எது எந்த மூலைன்னே தெரியாது. எங்க பையனே மாத்திப் போட்டுட்டான்."

படித்தாள். மறுபடி படித்தாள்.

படத்தை மூடிவிட்டுத் திரையில் பலகையைப் பார்த்தாள், இப்போது அம்பு அதிலும் இருந்தது. கீழ் இடது மூலை. மேல் வலது மூலை. இரண்டும் கறுப்பு. மதியம் இவளே பொத்தானை அழுத்தித் திருப்பிய பலகை.

ஓரத்து எழுத்தைக் காட்டும் பொத்தானை அழுத்தினாள். எழுத்துகள் வந்தன. எண்கள் வந்தன. கீழ் இடது மூலை, ஹெச்-எட்டு. குழந்தையின் அறை. மேல் வலது மூலை, ஏ-ஒன்று.

அம்பு நாத்தனாரிடமிருந்து கிளம்பவில்லை. குழந்தையிடமிருந்து கிளம்பியிருந்தது. பழைய அம்பு. தினமும் அதே அம்பு. அவளை இங்கே கொண்டு வா.

கொண்டுபோய் விட்டிருந்தாள். தன் கையாலேயே. போர்வை போர்த்தி.

டிக்.

இந்த முறை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம். திரையில் இருந்த சிவப்பு அம்பு சட்டென்று துடைத்துவிட்ட மாதிரி போனது. யாரோ வெற்றுக் கட்டத்தில் ஒரு கிளிக் செய்திருந்தார்கள்.

கதவிடம் பாய்ந்தாள். சாவி துவாரத்தில் நுழைந்தது. திரும்பியது. கதவு அரை அங்குலம் அசைந்து நின்றுவிட்டது. உள்ளே, மேலே, தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. இவளே எக்கினால்தான் எட்டும் தாழ்ப்பாள் அது. குழந்தைக்கு எட்டாது.

"பாப்பா. பாப்பா, கதவத் திற. அம்மாடா."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மூக்கடைப்பு இல்லாத, சுகமான மூச்சு. கதவிடுக்கில் அந்த வாடை கசிந்து வந்தது. தைலம், பவுடர், விரிப்பு.

"அண்ணி" என்றாள். செத்த பிறகு அவரை இவள் கூப்பிடுவது இதுதான் முதல் முறை. "அண்ணி, வேணாம் அண்ணி. நான் காட்டியிருக்கணும். தப்புதான். அவள விட்டுடுங்க."

உள்ளேயிருந்து குழந்தையின் குரல் வந்தது. தூக்கக் கலக்கத்தில், கொஞ்சலாக.

"நீ வேணாம்."

முதுகுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் மெல்ல மணியடித்தது. படம் சேமிக்கப்படும்போது அடிக்கும் மணி. திரும்பிப் பார்த்தாள். பலகையில் காய்கள் எதுவும் இல்லை, வெறும் கட்டங்கள்தான். ஏ-ஒன்றில் மட்டும் பச்சை வட்டம் இருந்தது. அந்த மென்பொருள் ஒரு கட்டத்தில் ஒரு வட்டத்துக்கு மேல் போடாது. அங்கே இரண்டு இருந்தன. பெரியதொன்று, அதற்குள்ளே சின்னதொன்று.

ஓடிப்போய் மவுஸைப் பிடித்தாள். வெற்றுக் கட்டத்தில் கிளிக் செய்தாள். இன்னொரு கட்டத்தில். இன்னொன்றில். அறுபத்துநான்கு கட்டத்திலும். வட்டங்கள் போகவில்லை. அது பலகை இல்லை, படம்.